பவளக்கல் சுவரும் கடல் உப்பும்: பழைய வனச்சரக நிலையம் ஒன்றைப் பழுதுபார்த்த குறிப்புகள்

இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் நிற்கும் பழைய வனச்சரக நிலையம் ஒன்றில் கைக்கொண்ட பழுதுபார்ப்பு முறைகளை இங்கே எழுதி வைக்கிறோம். பெரிய கட்டடம் இல்லை. நடுவில் அலுவலக அறை, இரு பக்கமும் ஒவ்வொரு சிற்றறை, முன்னால் கடலைப் பார்த்த தாழ்வாரம். சுவர் ஒன்றரை அடி கனம், முழுக்கப் பவளக்கல். சாந்தும் பழைய பூச்சும் சுண்ணாம்பு. மேலே பனங்கைகள் (பனையில் செதுக்கிய கைமரங்கள்), ரீப்பர், சீமை ஓடு. இராமேசுவரம் தீவிலும் எதிர்க்கரையிலும் இதே கட்டுமானத்தில் பழைய வீடுகள் உண்டு. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் மிஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரும் இந்தக் கல்தான். அதனால் இங்கே சொல்லும் அளவுகளும் எச்சரிக்கைகளும் அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கட்டடம் இருந்த நிலை: தரையிலிருந்து மூன்றரை அடி உயரம் வரை சிமெண்ட் பூச்சு. அது பல இடங்களில் உப்பி, தட்டினால் டொக்கு ஒலி எழுப்பியது. பூச்சின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே வெள்ளை உப்பு பூத்து, அந்த வரிசைக் கற்கள் விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தன. கடல் பக்கத்துக் கூரையில் ஓடு நழுவி, பனங்கை முனைகள் மக்கியிருந்தன. ஜன்னல் கம்பிகள் துருவேறி வீங்கி நிலையைப் பிளந்திருந்தன.

இவற்றில் மிகக் கொடியது உப்புதான். ஓடும் மரமும் கண்ணுக்குத் தெரிந்து கெடுகின்றன. உப்பு சுவருக்குள்ளே இருந்து வேலை செய்கிறது. அதற்கு உதவுவது சிமெண்ட். ஆகவே சிமெண்டை எடுப்பது, உப்பை எடுப்பது, பிறகு சுண்ணாம்பால் மூடுவது என்ற வரிசையை மாற்றக் கூடாது. நடுவில் இருப்பதைத் தவிர்த்துவிட்டு முதலையும் கடைசியையும் மட்டும் செய்தால், புதுப் பூச்சு இரண்டு மழைக்காலம் தாங்குவதே அரிது.

கல்லைப் பற்றி முதலில்

இந்தக் கரையில் வீடு கட்ட அந்தக் காலத்தில் எளிதில் கிடைத்த கல் பவளப்பார்களிலிருந்து வெட்டியதுதான். போரைட்டிஸ் வகைப் பவளம் உருண்டு திரண்டு வளரும். ஈரமாக இருக்கும்போதே வாளால் அறுத்துச் சதுரமாக்கலாம். எடை குறைவு, துளை அதிகம். அதே பவளத்தைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பும் எடுத்தார்கள். கட்டடத் தேவையும் சூளைத் தேவையும் சேர்ந்து மன்னார் வளைகுடாத் தீவுகளின் கரைக்காப்பையே தின்றன. கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லித் தீவும் நீருக்குள் போனதற்குப் பவளம் வெட்டியதே முக்கியக் காரணம்.

வனத்துறை இந்தக் கரைக்கு வந்தபோது அதன் வேலை மரமும் மணலும் சார்ந்தது. 1882ஆம் ஆண்டின் மெட்ராஸ் வனச் சட்டம், சேதுபதி ஜமீன் நிலங்கள், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்ற வரிசையில்தான் இங்குள்ள குடைவேலங்காடுகளும் சவுக்குத் தோப்புகளும் பனை வரிசைகளும் இன்றைய ஆளுகைக்கு வந்தன. 1986இல் இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு இந்தக் கரையின் வனவருக்கும் வனக்காப்பாளருக்கும் படகு ரோந்து, கடல் அட்டைக் கடத்தல், ஆவுளியா என்னும் கடற்பசு, ஆமை முட்டை என்று வேலை கடலுக்குள் நீண்டது. 2001இல் பார் கட்டும் பவளங்கள் முழுவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன.

பழுதுபார்ப்பவர் இதை ஏன் அறிய வேண்டும்? ஒரு பவளக்கல் சிதைந்தால் அதற்குப் பதில் இன்னொரு பவளக்கல் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டையும் தொடக் கூடாது. “பழைய வீடு இடித்த கல்தான்” என்று யாராவது வண்டியில் கொண்டுவந்து இறக்கினாலும், எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது. பவளத்தைக் காக்கும் அலுவலகத்தின் சுவருக்கே பவளம் திருட்டுத்தனமாக வந்தது என்ற நிலை எந்தக் காலத்திலும் வரக் கூடாது.

ஆகவே முதல் நாளே கல் பதிவேடு ஒன்று தொடங்க வேண்டும். கட்டடத்திலிருந்து விழுந்த, கழற்றிய ஒவ்வொரு கல்லுக்கும் எண், அளவு, எந்தச் சுவர், எந்த வரிசை, புகைப்படம். முழுக்கல், அரைக்கல், பொடி என்று மூன்று குவியல். முழுக்கல் திரும்ப அதே சுவருக்குப் போகும். அரைக்கல் உட்புற நிரப்புக்கு. பொடியைக்கூட வெளியே கொட்டாமல், நல்ல தண்ணீரில் அலசி உப்பு போன பிறகு சலித்துச் சாந்து மணலில் பத்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். சுவரின் நிறத்தோடு ஒட்டிப்போகும்.

குறையும் இடத்துக்கு மாற்றுக்கல் வார்க்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்புக் களி 1, சுர்க்கி (செங்கல் தூள்) 2, அலசிய மணல் 2, முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி 3. மரப்பெட்டியில் இரண்டு அங்குல அடுக்குகளாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து, மூன்றாம் நாள் பெட்டியைக் கழற்றி, ஈரச்சாக்கு போர்த்தி இரண்டு மாதம் நிழலில் வைக்க வேண்டும். பவளக்கல்லை விடக் கொஞ்சம் கனக்கும்; ஆனால் ஈரத்தை இழுப்பதிலும் விடுவதிலும் அதற்கு நெருக்கமாக நடந்துகொள்ளும். கருங்கல்லையோ சிமெண்ட் பிளாக்கையோ இடையில் வைத்தால் அந்தக் கல் கெடாது. அதைச் சுற்றியுள்ள நாலு பவளக்கல்லும் கெடும். ஈரம் புக முடியாத கல்லைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கல் வழியே வெளியேறுவதால், உப்பு முழுவதும் அங்கே சேர்ந்துவிடுகிறது. மாற்றுக்கல்லின் உட்புற முகத்தில் வார்த்த ஆண்டைப் பொறித்து வைப்பது நல்லது. பின்னால் சுவரைத் திறப்பவருக்கு எது பழையது, எது புதியது என்று தெரியும்.

உப்பு எப்படித் தின்கிறது

சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரைந்து நீராகும். அதற்குக் கீழே இறங்கினால் படிகமாக உறையும். நம் கரையில் இரவில் ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலே போவதும் பகலில் கீழே இறங்குவதும் அன்றாடம் நடப்பது. ஒவ்வொரு உறைதலிலும் படிகம் கல்லின் துளைச் சுவரை நெருக்குகிறது. வருடத்தில் நூற்றுக்கணக்கான முறை இப்படி நெருக்கினால் எந்தக் கல்லும் மாவாகும்.

சுண்ணாம்புப் பூச்சு இருந்த காலத்தில் உப்பு பூச்சின் முகத்துக்கு வந்து அங்கே பூத்தது. பூச்சு உதிர்ந்தது, சில ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தார்கள், கல் பிழைத்தது. பின்னாளில் “அடிக்கடி உதிர்கிறதே” என்று சிமெண்ட் பூசியதும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலேறியது. சிமெண்ட் முடியும் இடத்தில்தான் அதற்குத் திறப்பு. மூன்றரை அடிக்கு மேலே உள்ள வரிசை மாவானதற்குக் காரணம் இதுதான். “ஈரம் மேலேறிவிட்டது, இன்னும் ஓரடி உயர்த்திப் பூசலாம்” என்று யோசிப்பது இயல்பு. உயர்த்தினால் சிதைவும் ஓரடி உயரும், அவ்வளவே.

சிமெண்டை எடுக்க மின்சுத்தி வேண்டாம். அதிர்வில் பின்னாலுள்ள கல் நொறுங்கும். முக்கால் அங்குலத் தட்டை உளியை 30 பாகைச் சாய்வில் பிடித்து, டொக்கு ஒலி கேட்கும் இடத்திலிருந்து தொடங்கி, விளிம்பை நெம்பி எடுக்க வேண்டும். கெட்டியாக ஒட்டிய திட்டுகளைக் கட்டங்களாக அறுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக எடுப்பது பாதுகாப்பு. அறுக்கும் ஆழம் பூச்சின் கனத்தில் முக்கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. கல்லோடு பிடித்து வரும் என்று தெரிந்தால் அந்தத் திட்டை அப்படியே விட்டுவிடலாம். உள்ளங்கையளவு சிமெண்ட் சுவரைக் கொல்லாது. உப்புக்கோட்டுக்கு மேலே இரண்டடி வரை நல்ல சுண்ணாம்புப் பூச்சாக இருந்தாலும் தட்டிப் பார்த்து, டொக்கு ஒலி வரும் இடத்தை நீக்க வேண்டும்.

பூச்சு போனதும் சுவரைக் கழுவத் தோன்றும். கழுவக் கூடாது. கழுவினால் முகத்தில் பூத்த உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த நார்த்தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்து, கீழே பிளாஸ்டிக் விரிப்பில் விழுவதைச் சாக்கில் கட்டி, வளாகத்துக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும். சுவர் ஓரத்திலேயே கொட்டினால் அடுத்த மழையில் அஸ்திவாரம் வழியாக மேலே ஏறிவரும்.

பிறகு உப்பை உறிஞ்சும் பற்று. அச்சு மை இல்லாத காகிதக்கூழ் 1, சீனக்களி 1, நன்றாக அலசிய மெல்லிய மணல் 2, எல்லாம் கன அளவில். நல்ல தண்ணீர் விட்டுத் தோசை மாவை விடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். சுவரை முதலில் தெளிப்பானால் நனைத்து, தண்ணீர் வழியும் முன் நிறுத்தி, பற்றை முக்கால் அங்குலக் கனத்தில் கையால் அழுத்திப் பூச வேண்டும். அழுத்தம் போதாமல் காற்றிடைவெளி இருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் வராது. சுவரில் உள்ள தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு பற்றுக்குள் வந்து, பற்றின் முகத்தில் ஆவியாகி, உப்பைப் பற்றிலேயே விட்டுவிடும். இரண்டு மூன்று வாரத்தில் பற்று காய்ந்து விளிம்பு தூக்கும். அப்போது உரித்து எடுத்துவிட வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய பற்றை மறுபடி பிசைந்து பூசக் கூடாது.

எத்தனை சுற்று என்பதை அளந்துதான் சொல்ல முடியும். உரித்த பற்றில் 10 கிராம் எடுத்துப் பொடித்து, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைக்க வேண்டும். பயன்படுத்தாத பற்றிலும் அதே அளவை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். வித்தியாசம்தான் சுவரிலிருந்து வந்தது. வந்தது குளோரைடுதானா என்று பார்க்க, தெளிந்த நீரில் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு விட்டால் பால்போல் வெளுக்கும். இரண்டு சுற்றுகளின் அளவு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால் நிறுத்தலாம். சுவர் முற்றிலும் உப்பற்றதாக ஆகாது. கடல் அருகில் இருக்கும்வரை காற்றோடு உப்பு வந்துகொண்டே இருக்கும். முகத்திலிருந்து ஓரிரு அங்குல ஆழத்துச் சுமையைக் குறைப்பதே இலக்கு.

இந்த வேலைக்கு உகந்தது கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். வைகாசி முதல் ஆவணி வரை காய்ந்த காற்று பற்றின் முகத்தைத் தொடர்ந்து உலர்த்தி உப்பை இழுக்கும். ஆனால் முதல் இரண்டு நாள் சாக்குத் திரை கட்டி மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரைப் பிடிக்கும் முன்பே பற்று வெடித்து விழுந்துவிடும். அதே காற்று சுண்ணாம்புப் பூச்சுக்கு எமன். பூச்சு வேலையைத் தை, மாசிக்கு ஒதுக்க வேண்டும். இதனால் மொத்த வேலையும் ஒரே வீச்சில் முடியாது. சிமெண்ட் நீக்கமும் உப்பு எடுப்பும் கூரையும் முதல் பாதி, பூச்சு அடுத்த பாதி என்று மதிப்பீட்டையே இரண்டாகப் போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தண்ணீர் என்று சொல்லும் இடத்திலெல்லாம் நல்ல தண்ணீர்தான். கரையோரக் கிணறு வாய்க்கு இனிப்பாக இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. டி.டி.எஸ். 500க்குக் கீழே இருந்தால் பற்றுக்கும் பூச்சுக்கும் எடுக்கலாம். காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் நாளில் தொட்டியில் பிடித்து மூடி வைப்பது எளிது.

தரை மட்டம்

காலப்போக்கில் முற்றத்தில் மணல் ஏறி, மேலே சிமெண்ட் தளமும் போட்டு, வெளித்தரை உட்தரையோடு சமமாகிவிட்டிருந்தது. சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குத் தளத்தை வெட்டி நீக்கி, மண்ணை உட்தரைக்கு அரை அடி கீழே இறக்க வேண்டும். ஒரே நேரத்தில் நீளமாகத் தோண்டக் கூடாது. பழைய அஸ்திவாரம் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம். மூன்றடி நீளம் தோண்டி, நிரப்பி, ஓர் இடைவெளி விட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். நிரப்புவது ஒன்றரை அங்குலச் செங்கல் ஜல்லியும் மேலே பருமணலும். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 40க்கு 1 சரிவு. கூரைத் தண்ணீர் இந்தப் பட்டையில் விழாமல் தாண்டி விழும்படி ஓட்டின் நீட்சி இருக்க வேண்டும்.

சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்தி ஈரத்தடுப்பு செய்வது இங்கே பயன்படாது. பவளக்கல் சுவரின் உள்நிரப்பில் பொந்துகள் உள்ளன. திரவம் அவற்றில் வழிந்து போய்விடும். தொடர்ச்சியான தடுப்பு உருவாகாது.

கூரை

பனையின் வெளிவட்டக் கறுப்பு வைரம் தேக்குக்கு இணையாக நிற்கும். உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதி கறையானுக்கும் ஈரத்துக்கும் இரை. பழைய தச்சர்கள் சோற்றைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டே கைமரம் ஏற்றினார்கள். மக்கியிருந்த முனைகளைப் பார்த்தால், சுவருக்குள் புதைந்த பகுதியில் சோறு மிச்சம் இருந்தவையே கெட்டிருந்தன. நடுப்பகுதி கல்லாக இருந்தது. ஆகவே முழுக் கையையும் மாற்றத் தேவையில்லை. மக்கிய முனையை நல்ல வைரம் தெரியும்வரை அறுத்து, கையின் ஆழத்தைப்போல் நான்கு மடங்கு நீளத்துக்குச் சாய்வு ஒட்டு வெட்டி, பழைய பனையிலிருந்து எடுத்த துண்டைப் பொருத்தி, 12 மில்லி போல்ட் இரண்டு கொடுத்தால் போதும்.

புதுப் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. இடிக்கும் வீடுகளில் கழற்றிய பழைய கைகள் கிடைக்கும், அவைதான் மேல். வாங்கும்போது ஆணி துளைத்த இடங்களில் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். எளிதாக இறங்கினால் உள்ளே கறையான் ஓடியிருக்கிறது. சுவருக்குள் போகும் முனைக்கு முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் இரண்டு முறை பூசி, சுற்றிலும் அரை அங்குலம் காற்றிடைவெளி விட வேண்டும். அந்த எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் எழும். ரப்பர் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

இரும்பு விஷயத்தில் கஞ்சம் பார்க்க முடியாது. கடலிலிருந்து இந்தத் தூரத்தில் சாதாரண இரும்பு ஆணி சில ஆண்டுகளில் துருவாகி இரண்டு மடங்குக்கு மேல் வீங்கும். அது கல்லையும் மரத்தையும் பிளக்கும். துத்தநாகம் பூசியதும் அதிக நாள் நிற்காது. துருப்பிடிக்காத எஃகில் 304 தரம் இங்கே புள்ளிபுள்ளியாக அரிக்கும். 316 தரம் வேண்டும். ஓட்டைக் கட்டச் செம்புக் கம்பி. கீலும் தாழ்ப்பாளும் பித்தளை. ஜன்னல் நிலையைப் பிளந்த கம்பிகளை நெம்பி எடுக்காமல், நிலையின் உட்புறம் அறுத்து இரு துண்டாக்கி உருவ வேண்டும்.

சீமை ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டி வாங்க வேண்டும். ரீப்பர் இடைவெளியைப் புத்தகம் பார்த்து வைக்காமல், கையிலிருக்கும் பழைய ஓடுகளில் பத்தைத் தரையில் கோத்து, இழுத்து ஒரு முறை, நெருக்கி ஒரு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். பொதுவாகப் பன்னிரண்டரை அங்குலத்தை ஒட்டி வரும். ஒவ்வொரு ஆலையின் அச்சுக்கும் பள்ளமும் வரம்பும் சற்று மாறும். பழைய ஓட்டையும் புது ஓட்டையும் ஒரே சரிவில் கலந்தால் கோப்பு சேராமல் சாரல் உள்ளே வரும். பழைய நல்ல ஓடுகளைக் கடல் பக்கத்துச் சரிவுக்கும், புதியவற்றைப் பின் சரிவுக்கும் என்று பிரிப்பது இரண்டு வகையில் நல்லது: கோப்பும் சரியாகும், முகப்பும் மாறாது. ஓட்டின் அடியில் ஆலையின் முத்திரை இருக்கும். பத்துப் பதினைந்தைப் புகைப்படம் எடுத்துக் கோப்பில் வைத்தால் கூரை எந்தெந்தக் காலத்தில் மாற்றப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

புயல் காற்று ஓட்டைத் தள்ளுவதில்லை, தூக்குகிறது. அதிகம் தூக்குவது விளிம்பிலும் முகட்டிலும். ஆகவே கீழ் விளிம்பின் இரண்டு வரிசை, இரு பக்க ஓரங்களின் இரண்டு வரிசை, முகட்டை ஒட்டிய ஒரு வரிசை ஆகியவற்றில் எல்லா ஓட்டையும் செம்புக் கம்பியால் ரீப்பரோடு கட்ட வேண்டும். நடுவில் மூன்றுக்கு ஒன்று போதும். தாழ்வாரக் கூரையின் கைகளைப் பிரதானக் கூரையின் கைகளோடு பிணைக்காமல், சுவரில் தனிக் கட்டையில் உட்கார வைக்க வேண்டும். தாழ்வாரம் திறந்த பக்கமாகக் காற்றை வாங்குவதால் முதலில் தூக்குவது அதுதான். பிணைத்திருந்தால் பிரதானக் கூரையையும் உடன் இழுத்துக்கொண்டு போகும். முகட்டோட்டைச் சிமெண்டில் பதித்தால் வெயிலில் விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியே தண்ணீர் குடிக்கும். சுண்ணாம்புச் சாந்தே போதும்.

சுண்ணாம்பு

ஆவணியில் நீற்றிவிட்டால் தைக்குள் களி பதமாகிவிடும். மழைக்காலம் முழுவதும் அது குழியில் பழுக்கும். அதற்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டியதில்லை. சூளையிலிருந்து வந்த சிப்பிச் சுண்ணாம்பைக் காற்றுப் படாமல் அன்றே நீற்ற வேண்டும். சாக்கில் கிடந்து தானாகப் பொடிந்தது வீரியம் போனது. 50 கிலோவுக்கு 150 லிட்டர் தண்ணீரைத் தொட்டியில் முதலில் நிரப்பி, அதற்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் இல்லாமல் யாரையும் தொட்டியருகே விடக் கூடாது. கொதி அடங்கியதும் 2 மில்லி சல்லடையில் வடித்துக் குழியில் விட்டு, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க வைக்க வேண்டும். 50 கிலோவுக்கு ஏறக்குறைய 100 லிட்டர் களி தேறும்.

சுர்க்கிக்கு நன்றாக வெந்த செங்கல் ஆகாது. சற்று வேகாத, நகத்தால் கீறினால் தூள் வரும் செங்கல்லே சுண்ணாம்போடு வினைபுரியும். வாங்கிய சுர்க்கி நல்லதா என்று பார்க்க, களியும் தூளும் சமமாகப் பிசைந்து எலுமிச்சையளவு உருண்டைகள் பிடித்து, ஈரச்சாக்கில் ஒரு வாரம் வைத்துப் பிறகு தண்ணீரில் போட வேண்டும். கரையாமல் கிடந்தால் எடுக்கலாம், கரைந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். மணல் கடற்கரை மணலாக ஒருபோதும் இருக்கக் கூடாது. ஆற்று மணலோ எம்-சாண்டோ எதுவானாலும் நல்ல தண்ணீரில் அலசி, அலசிய நீரில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

பூச்சுக் கலவை: களி 1, சுர்க்கி 1, மணல் 2. மூன்று கையாகப் பூசுகிறோம்: அரை அங்குலம், கால் அங்குலம், கடைசியாக மணலைக் குறைத்துச் சலித்த மெல்லிய கை. பத்துச் சதுர மீட்டருக்குக் களி 65 லிட்டர், சுர்க்கி 65, மணல் 130 என்று கணக்கிட்டால் சரியாக வரும். கலவையை மண்வெட்டியால் கலந்தால் மட்டும் போதாது. செக்கில் அரைப்பது மேல். செக்கு இல்லாவிட்டால் மர உலக்கையால் இடிக்க வேண்டும். இடிக்க இடிக்கத் தண்ணீர் சேர்க்காமலே இளகி வரும். தண்ணீர் ஊற்றி இளக்கிய சாந்துதான் பின்னால் வெடிப்பு விடுகிறது.

கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் பக்கத்துப் பழக்கம். விதை நீக்கி இடித்த கடுக்காய் 3 கிலோ, கருப்பட்டி 3 கிலோ, 100 லிட்டர் தண்ணீர். பத்து நாள் ஊறி நுரைத்து அடங்கிய நீரை வடிகட்டிக் கலவைக்கு விட வேண்டும். இதனால் சாந்து வழவழப்பாகும், மெதுவாக இறுகும், சாரலைத் தாங்கும். இனிப்பை அதிகமாக்கினால் இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும், எறும்பும் வரும்.

பூசும் முன் சுவரில் பொந்து இருக்கிறதா என்று மரச்சுத்தியால் தட்டிப் பார்த்து, ஒலி மாறும் இடத்தில் அரை அங்குலக் குழாய் செருகி, சலித்த களியும் மாவுச் சுர்க்கியும் சமமாகக் கரைத்த பாலைக் கீழிருந்து மேலாக ஊற்ற வேண்டும். ஒரே நாளில் மூன்றடி உயரத்துக்கு மேல் ஊற்றினால் ஈரச்சுமையில் சுவர் வயிறு தள்ளும். பம்பு வேண்டாம், புனலின் உயரமே போதுமான அழுத்தம்.

ஒவ்வொரு கையையும் மணியாஸ் கட்டையால் அழுத்தித் தேய்த்து, மறுநாள் மயிர்வெடிப்பு தெரிந்தால் லேசாக நனைத்து மறுபடி தேய்க்க வேண்டும். முதல் கைக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஒரு வாரம். ஈரச்சாக்கைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளித் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று தடவை தெளிப்பானால் புகைபோல நீர் தெளிக்க வேண்டும். குழாயைத் திறந்து அடிக்கக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுக ஈரம் தேவை. காய்ந்துவிட்டால் அது வெறும் பொடி. சிமெண்ட் வேலை மட்டும் பழகிய கொத்தனாருக்கு இந்தக் காத்திருப்பு புதிது. செட்டிநாட்டு வீடுகளில் வேலை பார்த்த கை ஒன்று காரைக்குடிப் பக்கமிருந்து முதல் இரண்டு வாரம் கூட இருந்தால், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

வெள்ளையடிப்பு ஐந்து கை, ஒவ்வொன்றும் பால்போல் மெல்லியது. ஒட்டுவதற்குக் கொஞ்சம் கோந்து. சில இடங்களில் ஒட்டவென்று உப்பு சேர்ப்பார்கள். இந்தச் சுவருக்கு அது கூடவே கூடாது. எமல்ஷன், நீர்த்தடுப்புப் பெயிண்ட் எல்லாம் சிமெண்ட் செய்த தீங்கையே மெல்லிய படலமாகச் செய்யும்.

காகிதங்கள்

கட்டடத்தோடு சேர்த்துக் காக்க வேண்டியவை அதன் அலமாரியில் இருக்கின்றன: பீட் புத்தகங்கள் (வனக்காப்பாளரின் காவல் பகுதிப் பதிவுகள்), எல்லைக்கல் வரைபடங்கள், சவுக்கு நடவுப் பதிவேடுகள், படகு ரோந்துக் குறிப்புகள். இப்போது நீருக்கடியில் உள்ள தீவு ஒன்று தரையாகக் குறிக்கப்பட்ட பழைய வரைபடம் கிடைத்தால், அதற்கு மேலான சான்று வேறில்லை.

உப்பு ஈரம் ஏறிய தாளை வெயிலில் போடக் கூடாது. நிழலில், வலைத்தட்டில், தாளை நேராக அடிக்காத மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், மெல்லிய தகட்டை அடியில் செருகித் தூக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட தாள்களை அங்கேயே பிரிக்க முயலாமல் கட்டாக ஆவணக் காப்புப் பயிற்சி பெற்றவரிடம் கொடுப்பதே நல்லது. ஸ்கேன் செய்ய 400 டி.பி.ஐ., வரைபடத்தின் அருகே அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து எடுக்க வேண்டும். அமிலமற்ற அட்டை உறை, பருத்தி நாடா, சுவரிலிருந்து அரை அடி தள்ளிய இரும்பு அலமாரி, தட்டுக்கு ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல். வேப்பிலை பூச்சியை ஓரளவு விரட்டலாம். ஈரத்தை ஒன்றும் செய்யாது, நொறுங்கித் தாளில் கறை விடும். குற்றப் பதிவேடுகளில் ஆட்களின் பெயர்கள் இருப்பதால் அவை காட்சிக்கு வரக் கூடாது. தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

ஆண்டுப் பராமரிப்பு

புரட்டாசி பிறக்கும் முன் ஓடுகளும் செம்புக் கட்டும் பார்த்து, சுவரைச் சுற்றிய ஜல்லிப் பட்டையில் ஏறிய மணலை வார வேண்டும். தையில் உள்ளும் புறமும் தட்டிப் பார்த்து, உப்பு பூத்த திட்டை உலர்வாகத் துடைத்து, உதிர்ந்த பூச்சை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டு, இரண்டு கை வெள்ளை. அடிச்சுவரின் மூன்றடிப் பூச்சு ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் உதிரத்தான் செய்யும். கல்லுக்கு வர வேண்டிய உப்பைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே அது இருக்கிறது. இதைப் பராமரிப்புக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பொறுப்பு மாறி வருபவர் உதிர்வதைப் பார்த்துச் சிமெண்ட் மூட்டைக்கு எழுதிவிடக் கூடாது. ஒட்டுப்போடத் தேவையான களி 200 லிட்டர் பின்கட்டுக் குழியில் எப்போதும் இருக்கட்டும். வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து, களிக்கு மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து ஊற்ற வேண்டும்.